முதலில் உட்கார்ந்தது யார்?

எங்கள் ஜவுளிக்கடையை மூடச் சொல்லி மறியல்காரர்கள் உள்ளே நுழைந்தபோது, நான் அவர்களைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "வாங்கண்ணே, சேலையா வேட்டியா?" என்பதுதான்.

வீரத்தில் கேட்டதல்ல, வாய் தானாகக் கேட்டுவிட்டது. ஒன்றரை வருஷம் ஒரே கடையில் நின்றால் வாய் கடைக்குச் சொந்தமாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் சாமியார் பக்கத்தில் வந்தபோதே "வாங்க சார், உள்ள பாருங்க" என்று கை காட்டியவள் நான். அவர் பாவம், திரும்பி உள்ளே பார்த்தார்.

வந்தவர்கள் பதினைந்து பேர் இருக்கும். முழங்கால் வரை புழுதி, தோளில் துண்டு. முன்னால் நின்ற பெரியவருக்கு ஐம்பது வயசு இருக்கலாம். கோஷம் போடத் திறந்த வாயை மூட மறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற ஒருவர் மெதுவாக, "கேக்குதுல்ல அந்தப் பொண்ணு, பதில் சொல்லுண்ணே" என்றார்.

எண்பதுகளின் பின்பாதி அது. இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்து ஜனங்கள் ரோட்டில் இறங்கியிருந்தார்கள். புளியமரங்களை வெட்டிச் சாலைக்குக் குறுக்கே போட்டிருந்தார்கள். சேலம் பக்கமிருந்தும் பஸ் இல்லை, விழுப்புரம் பக்கமிருந்தும் இல்லை. அந்த நாட்களில் ரோட்டுக்குப் போனவர்கள் எல்லோரும் வீடு திரும்பவில்லை. அதையெல்லாம் வேடிக்கையாக எழுத எனக்கு மனசு வராது. நான் சொல்லப்போவது கள்ளக்குறிச்சியில் ஒரு கடைக்குள் ஒரு மத்தியானம் நடந்தது. அது வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தது.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். போன வாரம் இந்தப் பத்திரிகையில் நான் எழுதியதைப் படித்துவிட்டுச் சின்னசேலத்திலிருந்து ஒருவர், "சோறு போட்ட கடையை இப்படிக் கிண்டல் செய்யலாமா அம்மா?" என்று கடிதம் போட்டிருக்கிறார். ஐயா, அந்தச் சோற்றில் கிடந்த கல்லைப் பற்றி நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

பதினாலு கட்டளைகள்

இந்த வாரம்தான் முதன்முதலாகப் படிக்கிறவர்களுக்காக: என் பேர் மேரி. மணலூர்பேட்டைப் பக்கம். அப்பா கரும்பு வெட்டப் போகிறவர். பத்தாவது பாஸ் செய்த கையோடு கடையில் சேர்த்துவிட்டார்கள். ஏழெட்டு ஊரில் கிளை வைத்திருந்த பெரிய கம்பெனி. பேர் வேண்டாம், முதலாளியின் பேரப்பிள்ளைகள் இந்தப் பத்திரிகையைப் படிக்கக்கூடும். நாங்கள் வெறுமனே 'கடை' என்போம். மற்றவையெல்லாம் எங்களுக்குப் பெட்டிக்கடை.

சேலை மாடியில் நாங்கள் இருபத்திரண்டு பெண்கள். எல்லோருக்கும் கத்திரிப்பூ நிறத்தில் ஒரே மாதிரிச் சேலை. தங்குவதற்கு மொட்டைமாடியில் தகரம் போட்ட கூடம். தினமும் காலையில் முதலாளியின் படத்துக்குக் கீழே வரிசையாக நின்று கடையின் கட்டளைகளைச் சத்தமாகச் சொல்லவேண்டும். மொத்தம் பதினாலு. மோசே மலையிலிருந்து பத்தோடுதான் இறங்கி வந்தார். எங்கள் முதலாளி மேற்கொண்டு நாலு சேர்த்துக்கொண்டார்.

ஐந்தாவது கட்டளை: கடைக்குள் கால் வைத்தவர் கஸ்டமர், அவர் மூன்றாவது அடி எடுத்து வைப்பதற்குள் 'வாங்க' சொல்லிவிட வேண்டும். ஆறாவது: கஸ்டமருக்கு ஸ்டூல் போடவேண்டும். ஏழாவது: பத்துச் சேலையாவது பிரித்துக் காட்டாமல் யாரையும் அனுப்பக் கூடாது.

முதல் கட்டளை, உட்காரக் கூடாது என்பது.

காலை ஒன்பது மணிக்கு நிற்க ஆரம்பித்தால் கடை சாத்தும்வரை நிற்கவேண்டும். கஸ்டமர் இருந்தாலும் நிற்கவேண்டும், இல்லாவிட்டாலும் நிற்கவேண்டும். சுவரில் சாய்ந்தால் அது பாதி உட்கார்ந்த கணக்கு. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கால்மணி நேரம். நெஞ்சு உயரத்துக்கு ஒரு பலகை அடித்திருந்தார்கள், அதில் தட்டை வைத்து நின்றபடியே சாப்பிடுவோம். மாடு தொட்டியில் வாய் வைப்பதுபோல என்று சொல்லலாம், ஆனால் மாடு சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளும்.

கட்டளையை மீறினால் ஒழுங்கு நோட்டில் நம் பேருக்கு நேராக ஒரு கறுப்புப் புள்ளி. மூன்று புள்ளி விழுந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர வேண்டியதுதான்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. பட்டு செக்ஷன். கல்யாணத்துக்குப் பட்டெடுக்க வருகிறவர்கள் பத்துப் பேராக வந்து வட்டமாக உட்கார்ந்து பார்ப்பார்கள் என்பதால், அங்கே மட்டும் பழைய கடைகளைப் போலத் தரையில் வெள்ளை மெத்தை போட்டிருந்தார்கள். பட்டை நின்றுகொண்டு விரிக்க முடியாது. அதனால் விரிக்கிற பெண்ணும் மெத்தையில் உட்காரலாம். அங்கே இரண்டே பேர். அதில் ஒருத்திக்குப் பொங்கல் கழித்துக் கல்யாணம். அவள் இடத்துக்குப் புள்ளியே இல்லாத ஒருத்தியைப் போடுவார்கள் என்று பேச்சு. மாடியிலேயே புள்ளி இல்லாதவள் நான் ஒருத்திதான். அந்த மெத்தையை நான் பார்த்த மாதிரி ஒரு மாப்பிள்ளையை யாராவது பார்த்திருந்தால் ஊரே காறித் துப்பியிருக்கும்.

நோட்டில் புள்ளி வைப்பவர் எங்கள் சூப்பர்வைசர் கண்ணுசாமி சார். தியாகதுருகத்துக்காரர். கம்பெனியில் பத்தொன்பது வருஷ சர்வீஸ். முதல் கட்டளை அவருக்கும் உண்டு. அவர் ஒரு கால் மாற்றி ஒரு காலைத் தூக்கி நிற்பதைப் பார்த்து நாங்கள் வைத்த பேர் கொக்கு.

கம்பி எங்கே, அங்கே நாம்

கழிவறைக்குப் போகிற முறையைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை பின்னால் விளங்காது.

மாடிக்கு ஒரு மீட்டர் கம்பி, துணி அளக்கிற இரும்புக் கம்பி, சிவப்பு நாடா கட்டித் தூணில் தொங்கும். கழிவறைக்குப் போகிறவள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போகவேண்டும். கம்பி திரும்பி வந்தால்தான் அடுத்தவள் போகலாம். ஒரே நேரத்தில் இரண்டு பேர் போய்விடக் கூடாது என்று ஹெட் ஆபீஸில் யாரோ ஒரு மகான் யோசித்துக் கண்டுபிடித்தது. நாடா கட்டிய கம்பியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு கஸ்டமர்களுக்கு நடுவில் நடந்தால், பிஷப் செங்கோலோடு கோயிலுக்குள் வருகிற மாதிரி இருக்கும். "எம்மா, ஜாக்கெட் துணி ஒரு மீட்டர் அளந்து குடு" என்று வழிமறிக்கிற அம்மாள்கள் வேறு. அவசரம் நமக்குத்தானே தெரியும்.

ஆனால் அந்தக் கம்பியால் ஒரு உபகாரம் இருந்தது. வேலை நேரத்தில் நாங்கள் பேசக் கூடாது. கம்பி கைமாறுகிற அந்த ஒரு நொடியில் மட்டும் இரண்டு பேர் பக்கத்தில் நிற்கலாம். மாடியின் தபால் எல்லாம் அதில்தான் போகும். யாரைப் பெண் பார்க்க வந்தார்கள், சாம்பாரில் இன்றைக்கு எந்தப் பூச்சி, எல்லாம்.

நடந்தா வலிக்காது

என் பக்கத்துக் கவுண்டரில் நின்றவள் பாக்கியம். கல்வராயன் மலைக்காரி. வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி இன்னும் நடக்கவேண்டும் அவள் ஊருக்கு. அவள் தங்கை சாந்தி கள்ளக்குறிச்சியில் ஹாஸ்டலில் தங்கி ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். "பெரியவ கீழ இருக்கிற வரைக்கும்தான் சின்னவளும் இருக்கலாம். நீ மேல வந்தா அவளையும் கூட்டிக்கினு வந்துடு" என்று அப்பன் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அதனால் பாக்கியத்தின் வேலை என்பது சாந்தியின் படிப்பு. அதை அவள் நாளைக்கு ஒரு தரமாவது எனக்குச் சொல்லுவாள்.

ஒரு லீவு நாளில் என்னைத் தன் ஊருக்குக் கூட்டிப்போனாள். பஸ் மலை ஏறியதற்கே எனக்குக் குடல் வாய்க்கு வந்துவிட்டது. அதற்கப்புறம் நடை. நான் பத்தடிக்கு ஒரு தரம் பாறையில் உட்கார்ந்தேன். அவள் தலையில் ஒரு மூட்டை, இடுப்பில் என் பை, வாயில் ஓயாத பேச்சு என்று ஏறிக்கொண்டே இருந்தாள். அவள் அம்மா சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார். மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன், உட்கார்ந்து.

"இவ்ளோ நடந்தும் ஒனக்குக் காலு வலிக்கலையாடி?" என்று கேட்டேன்.

"நடந்தா வலிக்காது மேரி. நின்னாத்தான் வலிக்குது" என்றாள்.

கடையில் சேர்ந்த ஆறே மாதத்தில் அவள் கெண்டைக்காலில் நரம்புகள் மண்புழு மாதிரிப் புடைத்துவிட்டன. சாயங்காலமானால் பாதம் இட்லிப் பானை மூடிபோல உப்பிவிடும். நோட்டில் அவளுக்கு ஏற்கெனவே இரண்டு புள்ளி. ஒன்று, தலை சுற்றித் தூணில் சாய்ந்ததற்கு. இன்னொன்று, சேலையிலிருந்து விழுந்த குண்டூசிகளைப் பொறுக்கத் தரையில் குந்தியதற்கு. "குனிஞ்சி பொறுக்கலாம், குந்திப் பொறுக்கக் கூடாது" என்று கண்ணுசாமி சார் விளக்கம் சொன்னார். இன்னும் ஒரு புள்ளி விழுந்தால் அக்காள் தங்கை இரண்டு பேரும் மலை ஏறவேண்டும்.

கடைக்குள் மறியல்

மறியல் தொடங்கி அது மூன்றாம் நாள். ஊரே அடைத்துக் கிடந்தது. ஹெட் ஆபீஸிலிருந்து போன் வந்தது, கடையைத் திறந்து வை என்று. அங்கே உட்கார்ந்து சொல்கிறவருக்கு என்ன? ஷட்டரைப் பாதி தூக்கிவைத்தார்கள். காலையிலிருந்து ஒரு காக்கை வரவில்லை. இருபத்திரண்டு பேரும் வெறும் படிக்கட்டைப் பார்த்து விறைத்து நின்றோம். கண்ணுசாமி சாரும் ஒற்றைக் காலில் நின்றார்.

அப்போதுதான் அவர்கள் வந்தார்கள். நானும் சேலையா வேட்டியா என்று கேட்டேன்.

"மூடச் சொல்ல வந்தோம்மா" என்றார் முன்னால் நின்றவர் கடைசியில்.

"மூடலாம்ணே. மொதல்ல குந்துங்க" என்றேன். ஆறாவது கட்டளை.

பாக்கியம் கைக்கு இரண்டாக ஸ்டூல்களைத் தூக்கி வந்து வரிசையாகப் போட்டாள். ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்தாள். ஏழாவது கட்டளைப்படி நாலு கவுண்டரிலும் சேலைகள் பிரிந்தன. மூன்று நாள் வெயிலில் கிடந்த மனுஷர்கள். ஃபேன் காற்று பட்டதும் ஒவ்வொருவராக உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு தம்பி பச்சைச் சேலை ஒன்றின் முந்தானையைத் தொட்டுப் பார்த்து, "இது இன்னா வெலக்கா?" என்றான்.

"டேய், நாம இன்னாத்துக்குடா வந்தோம்?"

"சும்மா கேட்டேன்ணே. தங்கச்சிக்குக் கல்யாணம் வருதுல்ல."

கண்ணுசாமி சார் தூணுக்குப் பின்னாலிருந்து கைகூப்பியபடி வந்தார். "நான் வெறும் சூப்பர்வைசருங்க. ஹெட் ஆபீஸுல தொறக்கச் சொன்னாங்க, தொறந்தேன். நீங்க மூடச் சொன்னா மூடிடறேன்."

பெரியவர் அவரைப் பார்க்கவில்லை. கடைசி ஸ்டூலைப் போட்டுவிட்டு நகர்ந்த பாக்கியத்தின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, காலு இன்னா இப்புடி வீங்கிக்கினு கெடக்குது? குந்தும்மா செத்த நேரம்."

"வேணாம்ணே. நாங்க குந்தக் கூடாது."

"யாரு சொன்னது?"

"மொதல் கட்டளைண்ணே" என்றாள் பாக்கியம், எல்லா ஊரிலும் அது ஒட்டியிருக்கும் என்பதுபோல.

அவர் கண்ணுசாமி சார் பக்கம் திரும்பினார். "நாங்க மூணு நாளா நடுரோட்டுல குந்திகினு கெடக்கறோம். போலீசால எழுப்ப முடியல. இந்தப் பொண்ணுங்க கூரைக்குக் கீழ குந்தக் கூடாதா? இது இன்னாய்யா நாயம்?"

"மேலிடத்து உத்தரவுங்க."

"எந்த மேலிடம்? கவர்மென்டா?"

"ஹெட் ஆபீஸுங்க."

"அடச்சே" என்றார் அவர். "எந்திரிங்கடா எல்லாரும். பொண்ணுங்க குந்தட்டும்."

பதினைந்து பேரும் எழுந்தார்கள். ஸ்டூல்கள் காலியாக இருந்தன. ஒருத்தியும் அசையவில்லை. எல்லோரும் ஸ்டூலையே பார்த்துக்கொண்டிருந்தோம். தப்பாக நினைக்காதீர்கள், எங்களுக்கு எப்படி உட்காருவது என்றே ஒரு கணம் தெரியவில்லை.

முதலில் உட்கார்ந்தது நான். தைரியம் என்று யாரும் எழுதிவிட வேண்டாம். முட்டி மடங்கிவிட்டது. பிளாஸ்டிக் ஒயர் பின்னிய அந்த ஸ்டூலில் முதுகை வளைத்து உட்கார்ந்தபோது இடுப்பிலிருந்து பாதம் வரைக்கும் ஏதோ இறங்கி வடிந்தது. அழுகை வந்தது. சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

பிறகு எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஸ்டூல் போதாமல் படிக்கட்டில், துணி மூட்டைமேல். "நீயும் குந்துய்யா" என்று பெரியவர் போட்ட அதட்டலில் கண்ணுசாமி சாரும் கடைசியாக ஒரு மூட்டையின் ஓரத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

பாக்கியம் மட்டும் நின்றாள். "குந்துடி, யாரு பாக்கப்போறா" என்று இழுத்தேன். "ரெண்டு புள்ளி இருக்குது மேரி" என்று கையை உதறிவிட்டாள். சாயக்கூட இல்லை. நட்ட நடுவில் நேராக நின்றாள்.

அரைமணி நேரம் போயிருக்கும். அவர்களே ஷட்டரை இறக்கிவிட்டுப் போனார்கள். பச்சைச் சேலையை ஓரமாக எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனான் அந்தத் தம்பி.

ஒரு தலை வேண்டும்

மரங்களை அப்புறப்படுத்தி பஸ் ஓட ஆரம்பித்த பத்தாம் நாள் ஹெட் ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து இறங்கினார். சஃபாரி உடுப்பு. எங்கள் மாடியே உட்கார்ந்த சேதி எப்படியோ அங்கே போயிருந்தது. கண்ணுசாமி சாரிடம் ரிப்போர்ட் கேட்டார்.

மறுநாள் காலை முதலாளி படத்துக்குக் கீழே சஃபாரி அதைப் படித்தார். முதலில் உட்கார்ந்து மற்றவர்களையும் உட்காரத் தூண்டியவர் பாக்கியம் என்று எழுதியிருந்தது.

"நான் குந்தவே இல்லீங்க சார்!" என்று பாக்கியம் கத்தினாள். "இந்த மாடியிலேயே நான் ஒருத்திதான் குந்தல!"

"ஏற்கனவே ரெண்டு தடவை புள்ளி வாங்கினவதானே நீ?" என்றார் சஃபாரி. அவருக்கு அதுவே சாட்சி. கண்ணுசாமி சார் தன் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்களுக்குள் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பிற்பாடு தொழிலாளர் ஆபீஸ் அது இது என்று வரக்கூடாது என்று சஃபாரி உஷாரானார். நாளைக் காலையில் ஆளுக்கு ஒரு சீட்டு, முதலில் உட்கார்ந்தது யார் என்று எழுதி டப்பாவில் போடுங்கள், உங்கள் பேர் எழுதவேண்டாம், எனக்கு ஒரு பேர்தான் வேண்டும் என்றார்.

என் பேரையே எழுதச் சொல்லி எல்லோரிடமும் நான் சொல்லியிருக்கலாம். ஒரு புள்ளி விழும், அவ்வளவுதான். பாக்கியம் தப்பித்துவிடுவாள். சாந்தி பத்தாவது போய்விடுவாள். ஆனால் ஒரு புள்ளி விழுந்தவளுக்குப் பட்டு செக்ஷன் கிடையாது. எனக்குப் பயமெல்லாம் இல்லை. எனக்கு அந்த மெத்தை வேண்டும். பாக்கியமும் பிழைக்கவேண்டும், மெத்தையும் கிடைக்கவேண்டும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

முதல் ஆளாகப் போய்க் கம்பியை எடுத்தேன். திரும்பி வந்து அடுத்தவள் கையில் கொடுக்கும்போது, "கொக்கு பேர எழுது. அதுதான் மொதல்ல குந்துச்சி" என்றேன். அவள் போய்வந்து அடுத்தவளிடம் சொன்னாள். அன்றைக்கு மாடியில் ஒருத்திக்கும் வயிறு சரியில்லை. சாயங்காலத்துக்குள் கம்பி இருபத்திரண்டு கையும் சுற்றி வந்துவிட்டது. அவர் கண் முன்னால்தான் சுற்றியது. அவரே ஒரு தரம் தூணிலிருந்து நழுவிய கம்பியை எடுத்து மாட்டினார்.

மறுநாள் காலை இருபத்திரண்டு சீட்டும் டப்பாவில் விழுந்தன. அதற்கு அடுத்த நாள் கண்ணுசாமி சார் வேலைக்கு வரவில்லை. இனி வரமாட்டார் என்றார்கள். பாக்கியத்தின் பேருக்கு நேராக வைத்த மூன்றாவது புள்ளியை நீக்கிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மொட்டைமாடியில் சேலைகளைத் துவைத்துக்கொண்டிருந்தோம். பெண்கள் கடலை உருண்டை வாங்கிக் கொண்டாடினார்கள். பாக்கியம் தன் பங்கைச் சாந்திக்கென்று முடிந்துவைத்தாள். என் பக்கத்தில் வந்து, "நான் அப்புடி எழுதல" என்றாள்.

"பின்ன இன்னான்னு எழுதுன?"

"சாரு மொதல்ல குந்தல, கடைசியாத்தான் குந்தினாருன்னு எழுதினேன்."

"பைத்தியமா ஒனக்கு? ஒன் பேர எழுதிக் குடுத்த ஆளுடி அந்தாளு!"

"எழுதினாரு. அதுக்குன்னு நானும் பொய் எழுதணுமா?" சேலையை உதறிக் கொடியில் போட்டாள். "ஒன் பேரையும் எழுதல. பயப்படாத."

அந்தப் 'பயப்படாத' எனக்கு நாலு நாள் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

பஞ்சு

பொங்கல் கழித்து எனக்குப் பட்டு செக்ஷன் கிடைத்தது. மெத்தை முள்ளாய்க் குத்தியது என்று எழுதினால் உங்களுக்கு நிறைவாக இருக்கும். குத்தவில்லை. நல்ல பஞ்சு. சம்மணம் போட்டு உட்கார்ந்து, முந்தானையை மடியில் விரித்து, வருகிறவர்களை எல்லாம் "குந்துங்கம்மா" என்றேன். புதிதாக வந்த சூப்பர்வைசர், பழையவரைப் போல விளக்கம்கூடச் சொல்லாமல் மற்றவர்களுக்குப் புள்ளி வைத்தார்.

சாந்தி பன்னிரண்டாவது முடித்து நர்ஸ் படிப்புக்குப் போனாள். அதுவரை நின்ற பாக்கியம், மறுநாளே பெட்டியைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போய், வெள்ளிமலைக்குப் பக்கத்தில் பால்வாடியில் வேலைக்குச் சேர்ந்தாள். எனக்கும் கல்யாணமாகி, கடையை விட்டு, சில வருஷம் ஓடிவிட்டது.

கண்ணுசாமி சாரின் ஊரான தியாகதுருகம் வழியாகப் போகும்போதெல்லாம் நான் பஸ்ஸில் மலைக்கோட்டைப் பக்கம் பார்த்து உட்கார்ந்துகொள்வேன். கடைகள் இருக்கிற பக்கம் பார்க்கமாட்டேன். ஒரு நாள் அங்கேயே பஸ் பழுதாகி இறக்கிவிட்டுவிட்டார்கள்.

"மேரிதானே?"

ரோட்டோரம் சின்னதாக ஒரு ஜாக்கெட் துணிக் கடை. நாற்காலியில் கண்ணுசாமி சார். தலை முழுக்க நரைத்திருந்தது. கம்பை ஊன்றி எழுந்து, அந்த நாற்காலியையே என் பக்கம் தள்ளினார். "குந்தும்மா. எத்தினி நாளாச்சி." உள்ளே பார்த்து, "இந்தா, யாரு வந்துகிறா பாரு, மேரி" என்று கூப்பிட்டார். அவர் சம்சாரம் டீயும் முறுக்கும் கொண்டுவந்து, "இவங்கதானா அது!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

எது என்று எனக்கு விளங்கவில்லை.

"அந்தச் சஃபாரிக்காரரு என் எதிர்ல எல்லாச் சீட்டையும் கொட்டினாரும்மா" என்றார். "இருபத்தோரு சீட்டுல என் பேரு. ஒண்ணே ஒண்ணுல மட்டும், சாரு மொதல்ல குந்தல, கடைசியாத்தான் குந்தினாருன்னு எழுதியிருந்திச்சி. நீதான் மொதல்ல குந்தினவ. நான் பார்த்தேனே. மனசு கேக்காம நீதான் அத எழுதியிருப்பேன்னு எனக்கு அப்பவே தெரியும். வேல போன அன்னிக்கு இவகிட்ட அதத்தான் சொன்னேன். ஒருத்தியாச்சும் நெஜத்த எழுதினாளேன்னு."

டீ ஆறிக்கொண்டிருந்தது. நான் அதைத் தொடவில்லை.

"நான்தான்னு தெரிஞ்சும் ஏன் சார் பாக்கியம் பேர எழுதினீங்க?"

அவர் முகம் சுருங்கியது. "ஒனக்குப் புள்ளியே இல்ல. ஒன் பேர எழுதினா ஒரு புள்ளியோட போயிடும். அவங்களுக்கு ஒரு தல வேணும். ரெண்டு புள்ளிக்காரி பேரக் குடுத்தா காரியம் சுளுவா முடியும், என் தல தப்பிச்சிக்கும்னு பாத்தேன். தப்பிக்கல."

அவர் சம்சாரம் இன்னும் என் கையை விடவில்லை. உருவிக்கொண்டேன்.

"அந்தச் சீட்ட நான் எழுதல சார். உங்க பேர எழுதச் சொல்லி எல்லாருக்கும் சொன்னதே நான்தான். பட்டு செக்ஷனுக்குப் போவணும்னு."

"பின்ன யாரு எழுதினது?"

"பாக்கியம்."

 அந்த அம்மாள் முறுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ரோட்டில் எங்கள் பஸ் டிரைவர் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். நான் எழுந்து நின்றேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை.

"அந்தப் பொண்ணு இப்ப எங்க கீது?" என்றார்.

"வெள்ளிமலைகிட்ட. பால்வாடியில வேல செய்யுது."

"மேல பஸ்ஸு எத்தினி மணிக்கு?"

"கள்ளக்குறிச்சி போயி மாறணும் சார். ரெண்டு மணிக்கு ஒண்ணு இருக்குது. எறங்கி நடக்கணும். உங்க காலுக்கு..."

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. உள்ளே போய் வெளுத்த சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தார். கடையின் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சாத்தினார். பிறகு கம்பை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நட, மேரி. நீயும்தான் வரணும். நான் மட்டும் போயி இன்னான்னு சொல்றது?"